ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

அப்பாவுக்கு டிபி என்று தெரிந்த அன்று நான் அழுதேன். நோய் வராமல் இருக்க எங்களுக்கும் மாத்திரை உண்டு என்று சொன்ன அன்று வீட்டில் சண்டை வந்தது. எது கஷ்டமாக இருந்தது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

நாங்கள் இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அப்பாவுக்கு 66 வயது, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு இருமல் ஆரம்பித்தது. பக்கத்துக் கிளினிக்கில் முதலில் சிரப் கொடுத்தார்கள், அப்புறம் ஒரு ஆன்டிபயாடிக், அப்புறம் லீவோஃப்ளாக்சசின். இந்த மூன்றாவதில் இருமல் நன்றாகக் குறைந்தது. பத்து நாள் நிம்மதி. அந்த மருந்துக்கு டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கி வைக்கும் குணம் உண்டாம். அதனால்தான் நோய் மறைந்து நின்று ஆளை ஏமாற்றும் என்று பிறகு தெரிந்தது. மாசி கடைசியில் அப்பாவின் சட்டை தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது. 54 கிலோ இருந்தவர் 46.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி எடுத்து ட்ரூநாட் மெஷினில் போட்டார்கள். டிபி இருக்கிறது, அதன் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்கும் என்று இரண்டு பதிலும் சேர்ந்தே வந்தன. ரிஃபாம்பிசின் வேலை செய்யாத ரகமாக இருந்தால் பாதையே வேறு. அதற்கும் இப்போது பிபால்எம் என்று நான்கு மருந்துகள் சேர்ந்த ஆறு மாத வைத்தியம் வந்துவிட்டது, இந்தியாவில் 2024-ல் அனுமதி கொடுத்தார்கள். முன்பெல்லாம் அந்த ரகம் வந்தவர்கள் மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டு, அதில் சிலர் காது கேட்காமல் போனார்கள். எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் நர்ஸ் அப்பாவை ஒரு சோதனைக்கு உட்படுத்தினார். உயரம், எடை பார்த்தார். விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்த்தார். கணுக்காலில் கட்டை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்தார். கடைசியில், "ஐயா, எதையும் பிடிக்காம எழுந்து நில்லுங்க" என்றார். அப்பா எழுந்து நின்றார். அவ்வளவுதான் சோதனை. இது 2022-ல் தமிழ்நாட்டில் ஆரம்பித்த காசநோய் இறப்பில்லாத் திட்டம். டிபியில் இறப்பவர்களில் பலர் மருந்து ஆரம்பித்த முதல் சில வாரங்களிலேயே போய்விடுகிறார்கள். அதனால் யார் ரொம்ப மோசம் என்று முதல் நாளே பிரித்து, அவர்களை வார்டில் சேர்த்துவிடுகிறார்கள். அப்பா வீட்டுக்கே வந்தார். கையில் தினம் மூன்று மாத்திரை, ஆறு மாதத்துக்கு.

வந்ததும் முதல் பிரச்சினை டம்ளர். எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்றபடியே, "தட்டு டம்ளரை எல்லாம் தனியா வெச்சுடும்மா" என்றார். அம்மாவும் வைத்துவிட்டாள். அப்பா ஒன்றும் பேசவில்லை, அந்த டம்ளரில் தண்ணீர் குடிக்காமலே இருந்தார். மறுவாரம் வந்த டிபி ஹெல்த் விசிட்டர் மேடம் அதைப் பார்த்துவிட்டார். "இது தட்டுல பரவாதும்மா, காத்துலதான். ஜன்னலைத் திறந்து வைங்க, இருமுறப்ப வாயை மூடச் சொல்லுங்க. மாத்திரை போட ஆரம்பிச்சாச்சுன்னா பரவுறது சீக்கிரமே குறைஞ்சிடும்" என்றார். அவர் சொன்ன இன்னொன்று என்னை உட்காரவைத்தது. வீட்டில் வைத்தே டிபி நோயாளியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்கே காட்டிய ஆராய்ச்சி நடந்தது சென்னையில்தானாம். 1956-ல் ஆரம்பித்தது. பாதிப்பேரை சானடோரியம் என்ற டிபி ஆஸ்பத்திரியில் வைத்தார்கள், பாதிப்பேரை வீட்டிலேயே விட்டார்கள். வீடு என்றால் நெருக்கடியான, ஏழைப்பட்ட வீடு. சாப்பாடும் சானடோரியத்து அளவுக்குக் கிடையாது. ஒரு வருடம் மருந்து கொடுத்துப் பார்த்தால், குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலேயே இருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் அதிகமாக நோய் வரவில்லை. 1959-ல் முடிவு வெளிவந்தது. அதை நடத்திய மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அன்று மாலையே டம்ளர் பழைய அலமாரிக்குப் போனது. அத்தையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

அப்புறம் எங்கள் முறை. அம்மா, நான், என் வீட்டுக்காரர், ஒன்பது வயது பையன். நான்கு பேருக்கும் இருமல், காய்ச்சல், எடை குறைவு இருக்கிறதா என்று கேட்டு, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். எல்லாம் சுத்தம். பிறகு முன்கையில் தோலுக்குள் ஒரு சின்ன ஊசி. சைடிபி என்று பெயர். இரண்டு மூன்று நாள் கழித்துப் போனால் தடிப்பை ஸ்கேலால் அளக்கிறார்கள். 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் கிருமி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு ஒரு பட்டாணி அளவுக்கு வீங்கியிருந்தது, பையனுக்கும் அப்படியே. வீட்டுக்காரருக்கு எங்கள் எல்லோரையும்விடப் பெரிது. நாற்பத்திரண்டு வருடமாக அப்பா பக்கத்தில் படுத்த அம்மாவுக்கு ஒரு கொசுக்கடி அளவுகூட இல்லை! மேடமே ஸ்கேலைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். அம்மாவுக்கு மாத்திரை வேண்டாம், இருமல் வந்தால் மட்டும் உடனே வரச் சொன்னார்கள்.

"நான் பிசிஜி தடுப்பூசி போட்டிருக்கேனே, தழும்பு இருக்கே" என்று தோளைக் காட்டினார் வீட்டுக்காரர். பிசிஜி போட்டிருந்தால் பழைய டெஸ்ட் சில நேரம் குழப்பும், இது குழப்பாது என்றார்கள். பிசிஜி பற்றிய பெரிய பாடமும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் படித்தது என்பது எனக்குப் புதுச் செய்தி. 1968-ல் ஆரம்பித்து, அப்போது அந்த மாவட்டத்தில் இருந்த கிராமங்களில் லட்சக்கணக்கானவர்களை வைத்து அந்த ஊசியைச் சோதித்தார்கள். பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் மாதிரி கடும் டிபி வராமல் காக்கும் என்பதால்தான் இன்றும் போடுகிறார்கள்.

சண்டை அன்று இரவு. "எனக்கு என்ன நோயா? எக்ஸ்ரே நல்லாத்தானே இருக்கு. நோயில்லாதவனுக்கு எதுக்கு மருந்து?" என்றார் வீட்டுக்காரர். ஏங்க, கிருமி தூங்குது, எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி அடிக்கிறாங்க என்றேன். "தூங்குறதை ஏன் எழுப்பணும்?" பதில் இல்லை என்னிடம். நோயாளிக்கு மாத்திரை போட ஆயிரம் காரணம் இருக்கும். மூச்சு வாங்கும், இருமும், பயம் இருக்கும். நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிற மனுஷனுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?

மேடம்தான் காரியத்தை முடித்தார். பயமுறுத்தவில்லை, கணக்கு சொன்னார். இப்படித் தூங்கும் கிருமி இருப்பவர்கள் நூறு பேரில் வாழ்நாளில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு நோயாக மாறும். அதிலும் முதல் இரண்டு வருடம்தான் அதிக ஆபத்து. "தொண்ணூறு பேருக்கு வராதுதான் சார். நீங்க அந்தத் தொண்ணூறுல இருக்கீங்களான்னு கண்டுபிடிக்க என்கிட்ட மெஷின் இல்லை" என்றார். அந்த வாக்கியத்தில் வீட்டுக்காரர் விழுந்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவருக்கு நேர்மையாகப் பேசுகிறவர்களைப் பிடிக்கும்.

முன்பு இதற்கு ஐசோநியாசிட் ஒன்றையே தினமும் ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று போடச் சொல்வார்களாம். யார் போடுவார்கள்? இப்போது ஐசோநியாசிடும் ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒரு முறை, பன்னிரண்டு வாரம். அமெரிக்கா, கனடா, பிரேசில், ஸ்பெயின் நாடுகளில் 7,700 பேருக்கு மேல் வைத்துச் சோதித்து 2011-ல் முடிவு வந்தது. வாராவாரம் போட்ட குழுவில் 7 பேருக்கு டிபி, ஒன்பது மாதம் தினமும் போட்ட குழுவில் 15 பேருக்கு. எனக்கு அதைவிட முக்கியமாகப்பட்டது வேறு: கடைசிவரை முடித்தவர்கள் வாராவாரம் போட்டதில் 82 சதவீதம், தினமும் போட்டதில் 69. வாராவாரம் போட்டவர்களை எதிரில் நிற்கவைத்து விழுங்கவைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு அம்மா.

"ஒரே ஊசியா போட்டுட்டா தேவலையே" என்றார் இவர். எம்72 என்று ஒரு தடுப்பூசி வந்துகொண்டிருக்கிறது, ஒன்றல்ல, இரண்டு ஊசி. முந்தைய கட்டச் சோதனையில் நோய் வருவதைப் பாதியாகக் குறைத்தது. 2024-ல் தென்னாப்பிரிக்காவில் மூன்றாம் கட்டம் தொடங்கியது, 20,000 பேர்வரை சேர்ப்பது என்று திட்டம். அது வரும்போது வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தோம். காலை இட்லி முடிந்ததும் அம்மா மூன்று கிண்ணங்களை வரிசையாக வைப்பாள். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒன்பது: வெள்ளை ஐசோநியாசிட் மூன்று, செந்நிற ரிஃபாபென்டின் ஆறு. பையன் 24 கிலோ, அதனால் அவனுக்கு இரண்டும் நான்கும். கை கால் மரத்துப்போகாமல் இருக்க பி6 தனி. எல்லாவற்றையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டும், வயிற்றில் சாப்பாடு இருக்க வேண்டும். ஆரம்பிக்கும் முன் மேடம் என்னைச் சமையலறைப் பக்கம் ஒதுக்கி, கருத்தடை மாத்திரை போடுகிறேனா என்று கேட்டார். ரிஃபாபென்டின் ஈரலை முடுக்கிவிட்டு அந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும், வேறு வழி பாருங்கள் என்றார். அப்பாவுக்கும் இதே கதைதான், ரிஃபாம்பிசின் ஆரம்பித்த பிறகு சர்க்கரை மாத்திரை போதவில்லை, டோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்காரருக்குச் சனிக்கிழமைப் பழக்கம் ஒன்று உண்டு. ஈரல் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு வாரத்துக்கு அதை மூடச் சொன்னார்கள். மூடினார். மூன்று மாதத்தில் நான் கண்ட ஒரே இலவசப் பலன் அது.

முதல் வாரமே ஒன்னுக்கு ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பையன் பயப்படவில்லை, பெருமைப்பட்டான். பள்ளியில் போய் "எனக்கு ஃபான்டா கலர்ல வருது" என்று சொல்லியிருக்கிறான். இரண்டு நாளில் ஒரு பையனின் அம்மா, இவனைத் தனி பெஞ்சில் உட்காரவைக்கச் சொல்லிவிட்டார். டீச்சரும் வைத்துவிட்டார். அப்பாவின் டம்ளர் மாதிரியேதான், இந்த முறை என் பிள்ளைக்கு. மேடத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். இவனுக்கு நோயில்லை, யாருக்கும் பரவாது, பரவாமல் இருக்கத்தான் மாத்திரையே போடுகிறான் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெஞ்ச் பழைய இடத்துக்கு வந்தது. அவன் வீட்டுக்கு வந்து, இனிமேல் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றான். அதைக் கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது.

நான்காவது வாரம் எனக்குச் சோதனை. மாத்திரை போட்டு நான்கு மணி நேரத்தில் குளிர், உடம்பு வலி, தலை கிறுகிறுப்பு. கட்டிலில் சுருண்டேன். மேடத்துக்குப் போன் செய்தால், சிலருக்கு மூன்று நான்கு டோஸுக்குப் பிறகு ஃப்ளூ மாதிரி வரும், நாளைக்குள் சரியாகலாம், மயக்கமோ மூச்சுத் திணறலோ கண் மஞ்சளோ இருந்தால் நிறுத்திவிட்டு உடனே வாருங்கள் என்றார். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. ஆனால் ஐந்தாவது ஞாயிறு கிண்ணத்தைப் பார்த்ததும் குமட்டியது. நன்றாக இருக்கும் உடம்பை நானே கெடுத்துக்கொள்கிறேனோ என்று தோன்றியது. அன்று இவர் தன் ஒன்பதையும் விழுங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. விழுங்கினேன்.

ஒன்பதாவது வாரம் மாத்திரையே வரவில்லை. ஸ்டாக் இல்லையாம். ஞாயிறு போய்த் திங்களும் போய் வியாழக்கிழமைதான் கிடைத்தது. இரண்டு நாளுக்குள் என்றால் போட்டுவிட்டுப் பழைய நாளுக்கே திரும்பலாம். அதைத் தாண்டியதால் எங்கள் நாள் வியாழனுக்கு மாறியது. பள்ளி நாள், வேலை நாள், அவசர இட்லி. 120 நாளுக்குள் முடித்தால் போதும் என்றார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிபி நோயாளிகளின் சாப்பாட்டுக்கு அரசு தரும் நிக்ஷய் போஷண் பணம் அப்பாவுக்கு மாதத்துக்கு 1,000 ரூபாய் வீதம் வங்கியில் விழுந்தது. 2018-ல் 500 ரூபாயாக ஆரம்பித்தது, 2024 நவம்பரில் ஏற்றினார்கள். முட்டையும் கடலையும் அப்பாவுக்குத்தான் என்று அம்மா ஒளித்து வைப்பாள். எல்லோருக்கும் போடுங்கள் என்று மேடம் சத்தம் போட்டார். ஜார்க்கண்டில் 2019-லிருந்து நடந்த ரேஷன்ஸ் ஆய்வைச் சொன்னார்: டிபி வந்தவரின் வீட்டில் இருப்பவர்களுக்கும் மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் பார்த்த கணக்கு. அரிசி பருப்பு! அம்மா அதைக் கேட்டுவிட்டு, "இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேணுமா" என்றாள். ஆனால் மறுநாளிலிருந்து எல்லாத் தட்டிலும் முட்டை விழுந்தது.

அப்பா ஆறாவது மாதம் முடித்து 53 கிலோவில் நின்றார். எங்கள் பன்னிரண்டாவது டோஸ் அதற்குள் முடிந்திருந்தது. காலி அட்டைகளை எடுத்துக்கொண்டு போக மேடம் வந்து, ஒவ்வொரு அட்டையாகக் கூடத்தில் பரப்பி எண்ணினார். ஒரு அட்டையின் ஓரத்தில் செந்நிற மாத்திரை ஒன்று அப்படியே இருந்தது. மேடம் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு மாத்திரையில் ஒன்றும் கெட்டுப்போகாது என்று குறித்துக்கொண்டு போனார். அது யாருடையது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா மட்டும், "நான் எண்ணித்தான் வெச்சேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.