கொரியனா ஜப்பானியமா, எது சுலபம்?

வாக்கிய அமைப்பைப் பொறுத்தவரை தமிழருக்கு இரண்டுமே பழகிய வீடுதான். வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால். 'நான் சோறு சாப்பிடுகிறேன்' ஜப்பானியத்தில் 'வதாஷி வா கோஹான் ஓ தபேமாஸ்', கொரியனில் 'நானுன் பபுல் மொகொயோ'. (நான், நானுன் என்றதும் கல்தோன்றி மண்தோன்றா என்று கிளம்பிவிடாதீர்கள்!)

எழுத்தில் கொரியன்தான் சுலபம். மன்னர் செஜோங் 1446-இல் வெளியிட்ட ஹங்குலில் இன்று 24 அடிப்படை எழுத்துகள், ஒரு வாரம் போதும். ஜப்பானியத்தில் ஒலியைக் குறிக்கும் ஹிரகானா 46, கதகானா 46, அதற்கு மேல் பொதுப் பயன்பாட்டுக்கான கான்ஜி எனும் சீன வழி எழுத்துகள் 2136. ஒரே கான்ஜிக்கு இடத்துக்கு இடம் வேறு உச்சரிப்பு.

உச்சரிப்பில் கதை தலைகீழ். கொரியனில் நிலா, மகள், முகமூடி மூன்றுமே நம் காதுக்கு 'தல்'. உதட்டுக்கு முன்னால் துண்டுக் காகிதம் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். முகமூடிக்குக் காகிதம் ஆட வேண்டும், மகளுக்கு அசையவே கூடாது.

மணி சொல்வதிலும் வழுக்கும். மூன்றரைக்குக் கொரியனில் 'சே ஷி சம்ஷிப் புன்': மணிக்குக் கொரிய எண், நிமிடத்துக்குச் சீன வழி எண். ஜப்பானியத்தில் இரண்டுக்கும் சீன வழி எண்தான்.

பலரும் சறுக்குவது மரியாதையில். வெளியாளிடம் தன் நிறுவனத் தலைவரைப் பற்றிப் பேசும் ஜப்பானியர், அவர் பெயரிலிருந்து 'சான்' விகுதியை எடுத்துவிட்டுப் பணிவு வினை போடுவார். கொரியரோ அங்கேயும் 'சஜாங்னிம்' (தலைவர் அவர்கள்) என்று உயர்த்தியே சொல்வார். ஜப்பானியம் படித்துவிட்டுக் கொரியனுக்கு வருபவர்கள் மாட்டுவது இங்கேதான்.