நாலு கிழமை கழித்து வரச் சொன்னால் முதலில் கலண்டரைப் பாருங்கள்

பீரியட்ஸ் வர ஒன்பது பத்து நாள் இருக்கும்போதே எனக்கு இரண்டு மார்பும் கனக்கத் தொடங்கிவிடும். கக்கம் வரைக்கும் நோ. வெள்ளவத்தையில் 100 பஸ் ஏறி கொள்ளுப்பிட்டி வரைக்கும் நின்றுகொண்டு போகிற நாட்களில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால்தான் அந்தக் குலுக்கலைத் தாங்க முடியும். "எங்களுக்கும் நொந்ததுதான் பிள்ளை" என்று அம்மா சொல்லுவா, நானும் பேசாமல் இருந்தேன். ஆனால் போன வருடம் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அலைந்த பிறகு அதே நோ வந்தால் எனக்கு இரவில் நித்திரை இல்லை.

அதனால் ஒரு தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணினேன், அதாவது பார்க்க நேரம் பதிந்தேன். கவுன்டரில் இருந்தவர் "எந்த இடத்தில் நோ?" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டார். நான் "டொக்டரிடம் சொல்கிறேன்" என்றேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள், அவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

டொக்டர் நல்லவ. தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த நாட்களில் பலருக்கும் மார்பு கட்டி கட்டியாகத்தான் தட்டுப்படும், பீரியட்ஸ் முடிந்து வாருங்கள், அப்போதுதான் சரியாகப் பார்க்கலாம் என்றா. கடைசியாக எந்தத் திகதியில் வந்தது என்று கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே வந்தால் கவுன்டரில் நாலு கிழமை கழித்து அதே வியாழக்கிழமை எழுதித் தந்தார்கள். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்குச் சுற்று 28 நாள். நாலு கிழமை என்றால் திரும்பவும் அதே வீங்கின நாள்! அரை நாள் லீவு போட்டு, காசு கட்டி, இரண்டு மணித்தியாலம் காத்திருந்து உள்ளே போனால் டொக்டர் அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலைச் சொன்னா. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். கோபம் கவுன்டரில் மட்டுமில்லை, நாள் எண்ணிப் பார்க்காத என்மேலும்தான்.

மூன்றாம் முறை நானே எண்ணி, பீரியட்ஸ் தொடங்கிய எட்டாம் நாள் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வாங்கினேன். பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பத்து நிமிடம். ஒன்றுமில்லை.

கையோடு ஒரு கொப்பியும் கொண்டுபோயிருந்தேன். இரண்டு மாதமாக ஒவ்வொரு நாளும் நோவுக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போட்டு வைத்திருந்தேன். டொக்டர் அதைப் பார்த்தவுடனே சொல்லிவிட்டா: முட்டை வெளிப்பட்ட பிறகு ஹோர்மோன்கள் கூடி மார்பில் உள்ள சுரப்பிகள் வீங்குகின்றன, பீரியட்ஸ் வர ஹோர்மோன் இறங்கும், நோவும் இறங்கும். என் எண்களும் அப்படியேதான் ஏறி இறங்கியிருந்தன. கருத்தடைக் குளிசை, மனச்சோர்வுக் குளிசை போடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும், சிலருக்கு அவற்றாலும் நோ கூடும்.

எனக்கு உதவியது: அளவான, நன்றாகத் தாங்கிப் பிடிக்கிற பிரா, அந்தக் கிழமையில் இரவிலும் மெல்லிய ஸ்போர்ட்ஸ் பிரா. நான் வருடக்கணக்காக ஒரு அளவு சின்னதைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். டொக்டர் எழுதித் தந்த டைக்ளோபெனாக் ஜெல்லை நோகிற இடத்தில் பூசினேன், கடுமையான நாளில் பனடோல். பார்மசியில் தந்த ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய்க் குளிசைக்குக் கொடுத்த காசு வீண். அதற்குப் பெரிதாக ஆதாரம் இல்லை என்று டொக்டரும் சொன்னா.

காசு இல்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். 35 தாண்டியவர்களுக்கு சுகாதார வைத்திய அதிகாரி (எம்ஓஎச்) பணிமனைகளின் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகமும் பார்ப்பார்கள், நாரஹேன்பிட்டியில் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் அரசாங்க நிலையமும் இருக்கிறது, இரண்டும் இலவசம். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரே இடத்தில் விடாத நோ, பீரியட்ஸ் முடிந்தும் கரையாத கட்டி, காம்பில் இரத்தம், தோல் உள்ளிழுத்தல் இருந்தால் இந்தத் திகதிக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே போங்கள்.

நேற்று தங்கச்சி நோகிறது என்று போன் எடுத்தாள். எந்தத் திகதி என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. பின்னேரம் ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.