துளியைப் பார்க்கத் தெரிந்தால் போதும்

புரதக் கரைசலின் சிறு துளியில் படிகம் (கிரிஸ்டல்) வளர்க்கும் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கொஞ்ச நாளிலேயே கேட்டுவிடுவார்கள். "அக்கா, கிரிஸ்டல் எப்ப வரும்?" மலையாளம் பேசுகிற பிள்ளைகளுக்கு நான் சேச்சி, ஆனால் கேள்வி அதேதான். நான் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர் ஒரு அக்கா. நானும் அவரிடம் இதையே கேட்டேன். "எப்ப வரும்னு கேக்காதே கண்ணு, இன்னைக்குத் துளி எப்படி இருக்குன்னு சொல்லு" என்றார். புரதப் படிகம் வளர்ப்பது பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வரியை ஒட்டியதுதான்.

படிகம் எதற்கு? ஒரே ஒரு புரத மூலக்கூறின் மேல் எக்ஸ் கதிர் பட்டால் சிதறி வருவது அளக்க முடியாத அளவுக்குக் குறைவு. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே ஒழுங்கில் அடுக்கி நின்றால் எல்லாச் சிதறலும் சேர்ந்து தெளிவான புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளிலிருந்து அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்கிடலாம். 1934-ல் பெர்னால், டோரதி குரோஃபுட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பெப்சின் என்ற புரதத்தின் படிகத்தைக் காயவிடாமல், அது வளர்ந்த திரவத்தோடேயே வைத்துப் படம் எடுத்தார்கள். நல்ல புள்ளிகள் வந்தன. காய்ந்த படிகத்தில் அது வரவில்லை. புரதப் படிகத்தில் சுமார் பாதி தண்ணீர்தான். அதனால்தான் அது அவ்வளவு மிருதுவாக, அவ்வளவு சீக்கிரம் கெடுவதாக இருக்கிறது. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் மற்ற பக்குவங்கள் எல்லாம் ஏன் என்று புரியும்.

கற்றுக்கொள்ள லைசோசைம்தான் நல்லது. கோழிமுட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் புரதம். 1946-ல் ஆல்டர்டனும் ஃபெவோல்டும் வெள்ளைக்கருவில் நேரடியாக உப்புச் சேர்த்தே அதைப் படிகமாக்கிக் காட்டினார்கள். நாமக்கல்லிலிருந்து வாளையார் தாண்டி வருகிற முட்டையில்கூட அது செய்யலாம் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு. ஆனால் பயிற்சிக்கு விலைக்குக் கிடைக்கும் பொடியே போதும். பி.எச். 4.6 உள்ள சோடியம் அசிடேட் பஃபரில் (பி.எச். மாறாமல் பார்த்துக்கொள்ளும் கரைசல்) மில்லிக்கு 50 மில்லிகிராம் கரைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வாயருக்கு, அதாவது பிளேட்டின் குழிக்குள் துளிக்குக் கீழே நிற்கும் கரைசலுக்கு, அதே பஃபரில் 4 முதல் 8 சதவீதம் வரை சாதாரண சோடியம் குளோரைடு, குழிக்குக் குழி கூட்டிக்கொண்டே போக வேண்டும். மறுநாளே படிகம் பார்க்கலாம். புரதக் கரைசலை வைக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தூசியையும் திரண்டதையும் அடியில் தள்ளிவிடுங்கள்.

இனி கைவேலை. 24 குழி பிளேட்டில் ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் சிரிஞ்சிலிருந்து கிரீஸை வட்டமாகப் பிழிய வேண்டும். வட்டத்தை முழுதாக மூடிவிடக் கூடாது. ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும், மூடியாக வைக்கும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பை அழுத்தும்போது உள்ளே இருக்கும் காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். குழிக்குள் அரை மில்லி ரிசர்வாயர். சிலிகான் பூசிய கவர்ஸ்லிப்பின் நடுவில் ஒரு மைக்ரோலிட்டர் புரதம், அதன் மேல் ஒரு மைக்ரோலிட்டர் ரிசர்வாயர். பைப்பெட்டைக் கடைசி வரை அழுத்தினால் குமிழி வரும், முதல் நிறுத்தத்தோடு கையை எடுத்துவிட வேண்டும். அப்புறம் ஃபோர்செப்ஸால் கவர்ஸ்லிப்பை எடுத்து, தயங்காமல் ஒரே அசைவில் கவிழ்த்து வைத்து, விரலால் மெல்ல அழுத்திக் கால் சுற்றுத் திருப்பினால் கிரீஸ் முழுவட்டமாகச் சேர்ந்துகொள்ளும். தயங்கித் தயங்கிக் கவிழ்த்தால் துளி ஓரத்துக்கு ஓடிவிடும். இது சொல்லிப் புரிவதில்லை. வெறும் தண்ணீரில் ஒரு பிளேட் முழுக்கப் போட்டுப் பார்த்தால் கைக்கு வந்துவிடும்.

மூடிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது? துளியில் உப்பு ரிசர்வாயரில் இருப்பதில் பாதி. எனவே துளியிலிருந்து நீராவி மெல்ல மெல்ல ரிசர்வாயருக்குப் போகிறது. துளி சுருங்குகிறது, உப்பும் புரதமும் செறிவாகின்றன. ஓர் அளவுக்கு மேல் புரதம் கரைசலில் தங்க முடியாது. அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டினால் ஏற்கெனவே இருக்கும் படிகம் வளரும், ஆனால் புதிது பிறக்காது. இன்னும் தாண்டினால் புதிது பிறக்கும். ரொம்பத் தாண்டினால் ஒழுங்கில்லாமல் வீழ்படிவாக விழுந்துவிடும். கற்கண்டுப் பாகில் நூல் கட்டி விடுவது முதல் நிலைக்கானது: பாகு பக்குவமாக இருக்கிறது, பிடித்துக்கொள்ள ஓர் இடம்தான் வேண்டும். நாம் தேடுவதும் அந்தப் பக்குவத்தைத்தான்.

அதைக் கண்டுபிடிக்கத் துளியைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. படிகம் இல்லாத துளியைப் பிள்ளைகள் "ஒன்றும் இல்லை" என்று எழுதி அடுத்த குழிக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். ஒன்றும் இல்லாத துளி கிடையாது. பல நாளாகியும் தெளிவாகவே இருந்தால் செறிவு போதவில்லை: புரதத்தையோ உப்பையோ கூட்டுங்கள். பழுப்பாக, நார் நாராக, தோல் போல விழுந்திருந்தால் புரதம் கெட்டிருக்கிறது. அந்தப் பி.எச். அதற்கு ஒத்துவரவில்லை என்று ஒரு சந்தேகத்தைக் குறித்துவையுங்கள். வெள்ளை மணல் போலப் பொடியாக விழுந்து, நுண்ணோக்கியின் போலரைசரை (ஒளியை வடிகட்டும் தட்டு) திருப்பும்போது அங்கங்கே மினுக்கினால் அது நல்ல சகுனம்: ஒழுங்கு வரத் தொடங்கியிருக்கிறது. எண்ணெய்த் திவலை மாதிரி பிரிந்து நின்றாலும் தூக்கி எறியாதீர்கள், அதன் ஓரத்திலிருந்து படிகம் முளைப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஊசிக் கொத்து வந்தால் வேகம் அதிகம்: செறிவைக் குறைத்து, நிதானமாக வளரவிட வேண்டும்.

முன்பின் தெரியாத புரதம் என்றால் எங்கிருந்து தொடங்குவது? 1991-ல் ஜான்கரிக்கும் கிம்மும், அதுவரை மற்றவர்களுக்குப் பலன் தந்த கலவைகளிலிருந்து 50 நிலைமைகளைப் பொறுக்கி ஒரு தொகுப்பாகக் கொடுத்தார்கள். உப்பு வகை, பெக் என்கிற பாலிஎத்திலீன் கிளைக்கால், பஃபர் எல்லாம் கலந்து பரவலாக இருக்கும். பல நிலைமைகளை ஒரே சமயத்தில் சோதித்துப் பார்க்க இன்று விற்கும் ஸ்கிரீன் கிட்டுகள் பலவும் அந்த வழியில் வந்தவை. ஸ்கிரீனில் ஏறக்குறைய பாதித் துளி தெளிவாகவும் பாதி வீழ்படிவாகவும் இருந்தால் புரதச் செறிவு சரி. எல்லாமே வீழ்படிவு என்றால் பாதியாகக் குறையுங்கள். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் புரதம் சுத்தமாக இருக்க வேண்டும். புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரே பட்டை, அளவுவாரியாகப் பிரிக்கும் குழாயில் (size column) ஒரே சீரான சிகரம். இதில் சமரசம் செய்துகொண்டு கிட் மேல் கிட் வாங்குவது காசுக்குப் பிடித்த கேடு என்பது என் கருத்து.

படிகம் வந்துவிட்டது என்று குதிக்கும் முன் அது உப்பா என்று பாருங்கள். பாஸ்பேட் பஃபரும் கால்சியமோ மெக்னீசியமோ சேர்ந்த துளியில் அழகழகாக உப்புப் படிகம் வரும். நுண் ஊசியால் தொட்டால் தெரிந்துவிடும். உப்பு விறைப்பாக எதிர்த்து நின்று சட்டென்று உடையும். புரதம் அந்தப் பாதித் தண்ணீரால் மெத்தென்று நொறுங்கும். படிகங்கள் நிறைய இருந்தால் ஒன்றில் மெத்திலீன் புளூ என்ற சாயத்தை விடுங்கள், புரதம் நீலத்தைக் குடித்துக்கொள்ளும்.

விதைப்பது எனக்குப் பிடித்த வேலை. ஊசிக் கொத்தோ பொடியோதான் வருகிறது என்றால் அதைத் தொட்ட ஒரு மெல்லிய இழையைப் புதிய, தெளிவான துளியின் குறுக்கே ஒரே கோடாக இழுத்தால் அந்தக் கோட்டிலேயே படிகங்கள் வரிசையாக முளைக்கும். அந்த இழை பூனை மீசை. உலகம் முழுக்கப் பல ஆய்வகங்களில் இதற்குப் பூனை மீசைதான். வழுவழுப்பு, விறைப்பு, நுனி கூர்மை மூன்றும் சேர்ந்து வேறெதில் கிடைக்கும்? எங்கள் வீட்டுப் பூனை உதிர்த்ததை அம்மா பெருக்கும்போது எடுத்து ஒரு கவரில் போட்டு வைப்பார். ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் பயன்படுத்துவோம்.

பாலக்காட்டில் இந்த வேலை செய்வதில் வெயில் ஒரு பெரிய விஷயம். மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும். லைசோசைம் சூட்டில் கூடுதலாகக் கரையும், நேற்று கூர்மையாக இருந்த விளிம்பு மழுங்கிப்போகும். இன்குபேட்டர் 20 டிகிரியில் ஓடினாலும் கரண்ட் போனால் கஷ்டம்தான். நாங்கள் பிளேட்டுகளை மீன் வண்டிக்காரர்கள் வைத்திருக்கும் மாதிரி தெர்மோகோல் பெட்டிக்குள் போட்டு இன்குபேட்டரில் வைக்கிறோம். அறைச்சூடு ஏறினாலும் பெட்டிக்குள் மெதுவாகத்தான் ஏறும். சென்ட்ரிஃபியூஜ் இருக்கும் மேசையில் மட்டும் எதையும் வைப்பதில்லை, அதிர்வு ஆகாது.

சூட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜேம்ஸ் சம்னர் ஞாபகம் வரும். இடது கைப் பழக்கம் உள்ளவர், 17 வயதில் வேட்டை விபத்தில் அந்த இடது கையையே இழந்தவர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜாக் பீன் மாவிலிருந்து யூரியேஸ் என்ற நொதியைப் பிரிக்கப் பல வருடம் உழைத்தார். குளிரூட்ட ஐஸ் பெட்டி இல்லாததால் கரைசலை ஜன்னல் விளிம்பில் வைத்துக் குளிர்ந்த இரவுக்காக வேண்டிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 1926-ல் படிகம் கிடைத்தது. நொதி என்பது புரதம்தான் என்று அவர் சொன்னதை ஏற்கப் பலர் தயாராக இல்லை. 1946-ல் நோபல் பரிசில் பங்கு. அந்த ஜாக் பீன், நம் ஊர் வேலிகளில் ஏறும் வாளவரையின் நெருங்கிய சொந்தம். நான் அதைக் கடந்து போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

எக்ஸ் கதிரில் வைக்கப் படிகத்தைத் துளியிலிருந்து எடுப்பது தனிப் பாடம், சுருக்கமாகச் சொல்கிறேன். நைலான் வளையத்தில் அள்ளி, 20, 25 சதவீத கிளிசரால் கலந்த ரிசர்வாயரில் ஒரு கணம் தோய்த்து, உடனே திரவ நைட்ரஜனில் முக்க வேண்டும். கிளிசரால் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஐஸ் ஆகி அடுக்கைக் கெடுத்துவிடும். நம் நாட்டிலேயே இந்தூரில் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் (வலுவான எக்ஸ் கதிர் தரும் பெரிய கருவி) இதற்கென்று ஒரு கதிர்வழி இருக்கிறது.

பழைய பிளேட்டுகளை அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். மாதக்கணக்கில் கிடந்த துளியில் திடீரென்று படிகம் வருவது உண்டு. பெரும்பாலும் துளி மெல்லக் காய்ந்திருக்கும், இல்லையென்றால் கலப்பாக இருந்த ஏதோ ஒரு புரோட்டியேஸ், அதாவது புரதத்தை வெட்டும் நொதி, நம் புரதத்தின் தொங்கலான வால்பகுதியை வெட்டிவிட்டிருக்கும். எது என்று அறிய, ஒரு படிகத்தை எடுத்துக் கழுவிக் கரைத்து ஜெல்லில் ஓட்டுங்கள். பட்டை கீழே இறங்கியிருந்தால், அந்தத் துண்டின் அளவுக்கே ஜீனை வெட்டிக் குளோன் செய்து முதலிலிருந்து தொடங்கலாம்.