ஊசி போட்டாச்சு, பிறகேன் கடிதம்?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குக் கட்டாயத் தடுப்பூசிகள் என்று ஒரு பட்டியல் உண்டு. 1982இல் வந்த சட்டம் அது. தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா), ஏற்புவலி (டெட்டனஸ்), போலியோ, குக்கல் (கக்குவான் இருமல்), சின்னமுத்து (தட்டம்மை), கூகைக்கட்டு, ருபெல்லா, மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகொக்கல் கிருமி, இவற்றோடு 2010இலும் அதன் பின்னும் பிறந்த பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பான் (சின்னம்மை). இதில் ஒன்றுக்குப் பதிவு இல்லையென்றாலும் பொதுச் சுகாதாரப் பிரிவிலிருந்து வீட்டுக்குக் கடிதம் வரும். பதில் போகாவிட்டால் பிள்ளையை இருபது பள்ளி நாட்கள் வரை இடைநிறுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில், புதிதாக வந்த குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடங்களுக்குள் இருந்து உதவும் குடியேற்றப் பணியாளராக வேலை செய்கிறேன். பிள்ளையைச் சேர்ப்பது, வைத்தியரைக் கண்டுபிடிப்பது, வரி நிரப்புவது என்று எல்லாவற்றுக்கும் வருவார்கள். கோவிட் காலத்தில் நின்றுபோயிருந்த இடைநிறுத்த நடைமுறை மறுபடி தொடங்கியதிலிருந்து, இந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். வருபவர்களில் பெரும்பாலானோர் சொல்வது ஒன்றுதான்: "அக்கா, நான் எல்லா ஊசியும் ஒழுங்காப் போட்டனான். பிறகேன் இந்தக் கடிதம்?"

அவர்கள் சொல்வது உண்மை. ஊசி போட்டிருக்கிறார்கள். குடும்ப வைத்தியரின் கணினியிலும் அது இருக்கிறது. ஆனால் வைத்தியர் அதைப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்புவதில்லை. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் பெற்றோர்தான் அறிவிக்க வேண்டும். இணையத்தில் பதியலாம், தொலைபேசியில் சொல்லலாம். இது தெரியாமல்தான் அத்தனை குடும்பங்களும் வருகின்றன. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் பலருக்கு இது தெரியாது. கியூபெக் மாகாணத்து மொன்றியலிலிருந்து இடம் மாறி வரும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் திகைப்பார்கள். கனடாவில் ஒன்ராறியோவிலும் நியூ பிரன்ஸ்விக்கிலும்தான் பள்ளிக்கூடம் போக ஊசியைக் கட்டாயமாக்கும் சட்டம் இருக்கிறது.

நம் ஆட்கள் ஏன் இவ்வளவு தடுமாறுகிறார்கள் என்று யோசித்தால், ஊரில் இது எப்படி நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இலங்கையில் ஒரு பிள்ளை பிறந்தால் அந்தப் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரின் பதிவேட்டில் அதன் பெயர் ஏறிவிடும். கிளினிக்குக்குப் போக ஒரு மாதம் பிந்தினால் அவர் வாசலுக்கே வந்து "பிள்ளைக்கு ஊசி இருக்கு, ஏன் வரேல்லை?" என்று கேட்பார். பள்ளிக்கூடத்தில் போட வேண்டிய ஊசிக்குச் சுகாதார வைத்திய அதிகாரியின் குழுவே பள்ளிக்கூடம் வரும். அப்படியொரு ஏற்பாட்டால்தான் 2019இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் கிராம சுகாதார செவிலியர் செய்வது ஏறக்குறைய இதே வேலை. அங்கே பதிவைக் கவனிக்க ஒரு ஆள் இருந்தார். இங்கே அந்த ஆள் இல்லை. அவர் செய்த வேலை பெற்றோரின் தலையில் இருக்கிறது, அதை யாரும் அவர்களிடம் நேரில் சொல்லவில்லை. கடிதம் மட்டும் வருகிறது.

கடிதத்தில் சட்டத்தின் பெயர், ஊசிகளின் பெயர், கடைசித் தேதி, இடைநிறுத்தம் எல்லாம் இருக்க வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பயந்துபோய் வாசிப்பவர் கண்ணில் இடைநிறுத்தம் என்ற சொல் ஒன்றுதான் விழும். பிள்ளை ஏதோ பிழை செய்துவிட்டது, பள்ளிக்கூடத்தால் கலைக்கப் போகிறார்கள் என்று அம்மம்மா வீட்டில் அழுதுகொண்டிருப்பார். அதனால் பள்ளிக்கூடங்களோடு சேர்ந்து நாங்கள் செய்த முதல் வேலை, அந்தக் கடிதம் வீட்டுக்குப் போவதற்கு முன்பே ஒரு தாளைக் கொடுத்துவிடுவது. ஒரே பக்கம், பெரிய எழுத்து. மேலே முதல் வரி இப்படி இருக்கும்: "உங்கள் பிள்ளைக்கு ஊசி போடவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. போட்ட விவரம் எங்கள் பதிவில் இல்லை." அடுத்து, ஊசி அட்டை கையில் இருந்தால் என்ன செய்வது, அட்டை இல்லாவிட்டால் யாரிடம் கேட்பது, உண்மையிலேயே ஒரு ஊசி விடுபட்டிருந்தால் எங்கே இலவசமாகப் போடலாம். கடைசியில் ஒரு தொலைபேசி எண். நோய்களின் படமோ, ஊசி குத்தும் படமோ இல்லை.

அந்த முதல் வரியை வைக்க நிறைய வாதாட வேண்டியிருந்தது. சட்டப்படியான தேவை என்ன என்பதுதான் முதலில் வர வேண்டும் என்பது அலுவலகத்தில் சிலரின் கருத்து. நான் விடவில்லை. தன்னை ஒரு பொறுப்பில்லாத தாய் என்று தாள் குற்றம் சொல்கிறது என நினைக்கும் பெண், அதற்குக் கீழே உள்ள எதையும் வாசிக்க மாட்டாள். இது எனக்கு இந்த வேலை கற்றுத் தந்தது.

தாளை எழுதியதற்குச் சமமாக முக்கியம், அது போய்ச் சேரும் வழி. ஸ்காபரோவில் புதிதாக வந்தவர்கள் பேஸ்மென்டுகளில் வாடகைக்கு இருப்பார்கள், அடிக்கடி வீடு மாறுவார்கள். கடிதமோ பள்ளிக்கூடத்துப் பதிவில் உள்ள விலாசத்துக்குப் போகும். பழைய வீட்டுக்காரர் அதை மேசையில் போட்டு வைத்திருப்பார். இரண்டாவது கடிதமும் அதே மேசைக்குப் போகும். திடீரென்று ஒரு காலை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று தொலைபேசி வரும். ஆகவே ஊசியைப் பற்றிக் கதைக்கும் முன் நாங்கள் கேட்பது, "இப்ப எந்த வீட்டில இருக்கிறீங்கள்? அலுவலகத்தில மாத்திக் குடுத்தாச்சா?" பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கும் செயலாளர்தான் இதில் பெரிய ஆள். பெற்றோர் அதிபரைக் காண்பது அரிது, செயலாளரைத் தினமும் காண்கிறார்கள். இடைநிறுத்தம் பள்ளிக்கூடத்தின் முடிவு இல்லை, சுகாதார அதிகாரியின் கட்டளை என்பதை அவர் ஒரு வசனத்தில் சொல்லத் தெரிந்து வைத்திருந்தால் பாதிச் சண்டை குறையும். இரவு வேலை முடித்து வரும் தகப்பன்மாருக்கு, தாளில் உள்ளதையே தமிழில் பேசி வட்ஸ்அப்பில் அனுப்பினோம். தாளை விட அது கூடத் தூரம் போனது.

ஊரிலிருந்து வந்த ஊசி அட்டைகளைப் பற்றித்தான் கூடுதலாக எழுத வேண்டும். என் நேரத்தில் பெரும்பகுதி அதில்தான் போகிறது.

இலங்கையில் இப்போது சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசி ஒன்பது மாதத்தில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று. தமிழ்நாட்டில் தட்டம்மை ருபெல்லா ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறு மாதத்துக்கும் இருபத்துநான்கு மாதத்துக்கும் இடையில் இன்னொன்று. அம்மா கணக்கில் இரண்டும் போட்டாயிற்று. ஒன்ராறியோவில் முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட சின்னமுத்து ஊசி கணக்கில் வராது. ஆக ஒன்றுதான் மிஞ்சும், இன்னொன்று போட வேண்டும். இதைச் சொன்னதும் முகம் மாறிவிடும். "எங்கட ஊர் ஊசி இவையளுக்குச் செல்லாதாமோ?" என்று ஒரு ஐயா மேசையில் தட்டிக் கேட்டார். நியாயமான கோபம்தான்.

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இப்போதும் எல்லோருக்கும் சொல்கிறேன். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஒன்பது மாதக் குழந்தையின் உடம்பில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம், அது ஊசியின் வேலையைக் குறைத்துவிடும். நோய் சுற்றித் திரியும் நாட்டில் குழந்தையை ஒரு வயது வரைக்கும் காத்திருக்க விட முடியாது, அதனால் முன்னதாகவே போடுகிறார்கள். அது சரியான முடிவு. 2025இல் ஒன்ராறியோவில் சின்னமுத்து பரவியபோது, பரவிய பகுதிகளில் ஆறு மாதக் குழந்தைகளுக்கே முன்கூட்டி ஊசி போடச் சொன்னார்கள். அதுவும் கணக்கில் சேராது, ஒரு வயதுக்குப் பிறகு மறுபடி இரண்டு போட வேண்டும். ஆக இது ஊரைப் பார்த்துச் செய்யும் கணக்கு இல்லை, வயதைப் பார்த்துச் செய்வது. இவ்வளவையும் சொன்ன பிறகு ஐயா பேத்தியின் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார்.

தேதியில் இன்னொரு சிக்கல். நாம் நாளை முதலில் எழுதுவோம், மாதம் பிறகு. 2013 ஏப்ரல் 20 பிறந்த ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இலங்கையில் எம்எம்ஆர் ஒரு வயதில் போட்டார்கள். அட்டையில் 02/05/2014 என்று இருக்கிறது. மே 2 என்றால் பிள்ளைக்கு ஒரு வயது தாண்டிவிட்டது, ஊசி செல்லும். மாதத்தை முதலில் வாசித்தால் பெப்ரவரி 5, பிறந்தநாளுக்கு முன், ஊசி செல்லாது. ஒரே அட்டை, ஒரே ஊசி. இதனால் நாங்கள் ஒரு பழக்கம் வைத்தோம்: இணையத்தில் பதியும் முன் பெற்றோரோடு உட்கார்ந்து ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுவது. அட்டையின் படத்தையும் கைத்தொலைபேசியில் எடுத்து வைக்கச் சொல்வோம். கொப்புளிப்பானும் மெனிங்கோகொக்கலும் இரண்டு ஊரிலும் அரச அட்டவணையில் இல்லை, எனவே வந்த பிள்ளைகளில் அநேகருக்கு அவை இங்கேதான் போட வேண்டும். "அவனுக்குக் கொப்புளிப்பான் வந்து மாறினது" என்பார்கள். அதை வைத்தியர் எழுதித் தந்தால்தான் ஏற்பார்கள். அட்டையே தொலைந்தவர்கள், போரில் எல்லாம் விட்டு வந்தவர்கள், இந்தியாவில் முகாமிலிருந்து வந்தவர்கள் உண்டு. அவர்களிடம் அட்டையைத் திரும்பத் திரும்பக் கேட்பது கொடுமை. வைத்தியர் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம், இல்லையென்றால் புதிதாகப் போடலாம், ஏற்கெனவே போட்ட ஊசியை மறுபடி போடுவதால் பொதுவாகக் கெடுதல் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுகிறோம்.

மறுப்பவர்கள் மிகக் குறைவு. சந்தேகம் உள்ளவர்கள் அதை விடக் கொஞ்சம் கூட. ஒரு முஸ்லிம் தாய் எல்லோரும் போகும் வரை இருந்து, பிறகு மெதுவாக ஊசியில் பன்றி ஜெலட்டின் இருக்கிறதா என்று கேட்டார். சில எம்எம்ஆர் ஊசிகளில் இருக்கிறது. ப்ரையோரிக்ஸ் என்ற ஊசியில் இல்லை. அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, வைத்தியரிடம் காட்டுங்கள் என்றேன். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஓட்டிசம் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அந்தப் பயம் 1998இல் வெறும் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்தது, அந்தச் சஞ்சிகையே 2010இல் அதை மீளப் பெற்றுவிட்டது, எழுதியவரின் மருத்துவ உரிமமும் பறிபோனது என்று சொல்வேன். மனச்சாட்சி, மதம் காரணமாக விலக்குப் பெறும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. விளக்க வகுப்பு ஒன்றுக்குப் போய், சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும். யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் நோய் வந்தால் அந்தப் பிள்ளையை வீட்டில் நிற்கச் சொல்லலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்வேன். தாளின் பின்பக்கம் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்காது: பிள்ளையிடம் கடிதத்தைக் கொடுத்து, அம்மாவுக்கு வாசித்துச் சொல் என்பது. பத்து வயதுப் பிள்ளை தன்னையே இடைநிறுத்தப் போகும் கடிதத்தைத் தானே மொழிபெயர்க்கும். வீட்டில் கரைச்சல் வேண்டாமென்று கடைசித் தேதியை விட்டுவிடும். வகுப்பில் பெயர் வாசித்துக் கூப்பிடுவதும் அப்படித்தான். உறையை ஒட்டி, பெற்றோர் பெயருக்கு, அவர்கள் மொழித் தாளோடு சேர்த்து அனுப்ப இப்போது சில பள்ளிக்கூடங்கள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. எல்லாப் பள்ளிக்கூடமும் செய்ய வேண்டும்.

2024 இலையுதிர்காலத்தில் தொடங்கிய பரவலில் ஒன்ராறியோவில் மட்டும் 2,300க்கும் மேற்பட்டவர்களுக்குச் சின்னமுத்து வந்தது. 1998 முதல் இந்த நோயை ஒழித்த நாடாக இருந்த கனடா, 2025 நவம்பரில் அந்தத் தகுதியை இழந்தது. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கக்கூடிய கிருமி இது. அந்த மாதங்களில் பெற்றோர் கடிதத்துக்காகக் காத்திருக்கவில்லை. தாமாகவே அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாருக்கு ஊசி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று உடனே தெரிய வேண்டிய நேரத்தில் பதிவில் இருந்த ஓட்டைகளும் அப்போது நன்றாகத் தெரிந்தன.

வைத்தியர் ஊசி போட்டதும் தானாகவே மாகாணத்தின் பதிவில் ஏறிவிடும் ஏற்பாடு வேண்டும் என்று ஒன்ராறியோவில் நிபுணர்கள் கேட்டிருக்கிறார்கள். அது வந்தால் என் வேலையில் இந்தப் பகுதி தேவைப்படாது, எனக்கு மிகவும் சந்தோஷம். வரும் வரைக்கும், பாலர் வகுப்புக்குப் பதியும் நாளிலேயே பள்ளிக்கூட வாசலில் ஒரு மேசை போடுகிறோம். பிறப்புச் சான்றிதழும் வாடகைப் பத்திரமும் கொண்டு வருபவர்கள் ஊசி அட்டையையும் கொண்டு வரட்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். பெயர் பதிந்து முடிய, அங்கேயே உட்கார்ந்து ஊசியையும் பதிந்துவிட்டுப் போகலாம்.