அடுத்த திருப்பம் வரை

ஜனவரி 12, கானாடுகாத்தான்

பொங்கலுக்கு ஊருக்கு வந்தாயிற்று. வளவில் உட்காரும் முன்பே அப்பத்தா ஆரம்பித்தார். "கடல்ல மீன் பாக்கப் போறே, சரி. இருட்டுக் குகைக்குள்ள தண்ணியில என்னடா இருக்கு?"

மெக்சிகோவின் யுகடானில், தண்ணீர் நிரம்பிய குகைகளுக்குள் முக்குளித்தபோது எடுத்த வீடியோவைக் காட்டினேன். கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புக் கூம்புகள் சொட்டுச் சொட்டாகக் காற்றில்தான் வளரும். பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்து அந்தக் குகைகள் காய்ந்து கிடந்தன. முழுகியதெல்லாம் அப்புறம்.

"அப்ப ஆளுக உள்ள போயிருப்பாகளே?"

சரியான கேள்வி! அங்கேயே தண்ணீருக்கடியில் ஓயோ நெக்ரோ என்ற குழியை 2007-ல் கண்டுபிடித்தார்கள். அதற்குள் 12,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இளம்பெண்ணின் எலும்புக்கூடு கிடந்தது.

ஜனவரி 13

சித்தப்பாவுக்குக் குகை என்றாலே 2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங்கில் 12 சிறுவர்கள் சிக்கியதுதான் ஞாபகம். அங்கே கலங்கல் வெள்ளம். நான் போகும் குகைகளில் தண்ணீர் பளிங்கு. ஆனால் துடுப்பைத் தப்பாக ஒரு முறை அடித்தால் போதும், வண்டல் கிளம்பி உள்ளங்கைகூடத் தெரியாது. அப்போது வாசலிலிருந்து அறுபடாமல் வரும் நூல்தான் துணை. அதில் மாட்டிய அம்புகளைத் தடவியே வெளியேறும் திசையை அறியலாம். ஆளுக்கு மூன்று விளக்கு. சிலிண்டரில் இருக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும். கடைசிப் பங்கு ஆபத்துக்கு. விபத்துகளை அலசி இந்த மாதிரி விதிகளை 1970-களில் தொகுத்தவர் ஷெக் எக்ஸ்லி என்ற அமெரிக்கக் குகை முக்குளிப்பாளர். அவரே 1994-ல் மெக்சிகோவின் சாகட்டோன் என்ற நீர் நிரம்பிய குழியில் மிக ஆழத்துக்கு இறங்கும்போது இறந்துபோனார். அதை மட்டும் சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

ஆபத்துக்காக நான் போவதில்லை. நூல், மூச்சு, காற்றுமானி இவற்றைத் தவிர அங்கே வேறு நினைப்பு வராது. கடைக் கணக்கு, வாடகைப் பாக்கி எதுவும் வராது. இன்னொன்றும் உண்டு. நம் வீட்டு வாசலில் நின்றால் பின்கட்டு வரை நேராகத் தெரியும். குகை அடுத்த திருப்பம் வரைதான் காட்டும். அதற்கு அப்பால் பார்க்கத் துடிக்கும் நேரத்தில் மானி திரும்பச் சொல்லும். அந்த அரிப்புதான் மறுபடி டிக்கெட் போட வைக்கிறது.

ஜனவரி 15

பொங்கல். சாப்பாடு, தூக்கம், மறுபடி சாப்பாடு.

ஜனவரி 17

எல்லோரும் சித்தன்னவாசல் ஓவியம் பார்க்கப் போனோம். எனக்கு அங்கே இருக்கும் நாவற்சுனைதான் வேண்டியிருந்தது. தண்ணீருக்கடியில் ஒரு குடைவரை, உள்ளே லிங்கம். இறைத்தால்தான் தெரியும். இறங்குகிற இடமல்ல, தெரியும். ஆனாலும் நூலின் முதல் முடிச்சை எந்தப் பாறையில் போடலாம் என்று கண் தேடிக்கொண்டிருந்தது.

"ஏய், வேணாம்" என்றார் சித்தப்பா.