துருவோடு வந்த கமாண்டோ கத்தி

9 பிப்ரவரி 2024, வெள்ளி

லண்டன் கடைக்கு ஒரு ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கமாண்டோ கத்தி வந்திருக்கிறது. தாத்தா வீட்டுப் பரணைக் காலி செய்தபோது கிடைத்ததாம், பேத்தி கொண்டுவந்தார். ஏலத்துக்குப் போகுமுன் நிலை அறிக்கை வேண்டும். “அப்படியே கொஞ்சம் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுங்களேன்” என்றார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். தேய்க்கும் உத்தேசம் எனக்கில்லை.

ஷாங்காய் நகராட்சிப் போலீஸில் வேலை பார்த்த வில்லியம் ஃபேர்பேர்னும் எரிக் சைக்ஸும் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்காக 1940 கடைசியில் வடிவமைத்த குத்துவாள் இது. 1941 தொடக்கத்தில் வில்கின்சன் ஸோர்டு கம்பெனி செய்ய ஆரம்பித்தது. முதல் வகைக்குக் கைக்காப்பு, அதாவது பிடிக்கும் அலகுக்கும் நடுவிலுள்ள குறுக்குத் தகடு, நெளிந்திருக்கும். இதில் நேராக இருக்கிறது, பிடி கட்டம்கட்டமாகச் செதுக்கிய பித்தளை. ஆக, இரண்டாம் வகை. பெரும்பாலும் 1942-43.

10 பிப்ரவரி, சனி

அலகு உறைக்குள் கவ்விக்கொண்டிருந்தது. வெடுக்கென்று இழுத்தால் தையல் விட்டுவிடும். மெல்ல மெல்ல அசைத்துத்தான் உருவினேன்.

உறை நுனியிலுள்ள பித்தளை மூடியில் பச்சைக் களிம்பு மெழுகுபோல் திரண்டிருக்கிறது. தோலில் ஊறிய எண்ணெயும் பித்தளையிலுள்ள செம்பும் சேர்ந்தால் இப்படித்தான். உடையில் வைத்துத் தைக்க நான்கு தோல் காதுகள் இருக்க வேண்டும், இரண்டை அறுத்திருக்கிறார்கள். அறுத்த இடமும் மற்ற தோலைப் போலவே கறுத்து மழுங்கியிருப்பதால் அந்தக் காலத்து வேலைதான். எலாஸ்டிக் பட்டை உதிர்கிறது. விட்டுவிட்டேன்.

12 பிப்ரவரி, திங்கள்

இன்று முழுக்க அலகு.

மேல்பாதி சாம்பல் கலந்த கறுப்பு, விரலுக்கு வழவழப்பு. இது அடங்கிப்போன துரு. கைவைக்கக் கூடாது. முனைப் பக்கம் இரண்டு விரற்கடைக்குச் செம்பொடி, வெள்ளைத் துணியால் ஒற்றினால் ஒட்டுகிறது. அது இன்னும் இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். உறையிலேயே செருகி வைத்த கத்திகளுக்கெல்லாம் இந்தக் கதிதான். மெல்லிய எண்ணெயில் நனைத்த பஞ்சால் ஒற்றினேன், வந்த பொடி வந்தது. உப்புத்தாள் போட்டுக் குழிகளைச் சமமாக்கினால் அலகு மெலியும், கூரான வரம்புகள் உருண்டுபோகும், போனது திரும்பாது.

அப்புறம் முனை. இந்தக் கத்தியின் பலவீனமே அந்த ஊசிமுனைதான். உடைந்தால் மறுபடி சாணை பிடித்துவிடுவார்கள். நீளத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கையால் சாணை பிடித்த அலகுகள் ஏழு அங்குலத்துக்கு முன்பின்னாகத்தான் இருக்கும். நடுவரம்பைப் பார்க்க வேண்டும். இதில் அது கடைசிவரை நேராக ஓடி முனையில் முடிகிறது. உடைந்து தீட்டியதானால் கடைசி அரை அங்குலத்தில் இரு விளிம்பும் சட்டென்று உள்ளே வளையும்.

14 பிப்ரவரி, புதன்

பிடி. கட்டங்களின் மேட்டில் நிக்கல் முலாம் தேய்ந்து பித்தளை தெரிகிறது, பள்ளத்தில் கறுப்பு அழுக்கு. கைக்காப்பை ஒட்டிய இடுக்கில் முலாம் அப்படியே இருக்கிறது. நான் தேடியது இதைத்தான்: கைபட்ட இடத்தில் தேய்வு, படாத இடத்தில் இல்லை. போலிகளில் எல்லாம் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும்.

பிடியின் உச்சியில் திருகியிருக்கும் தலைமரையில் குறடு கடித்த தடம் இல்லை, யாரும் கழற்றி மாட்டவில்லை. கைக்காப்பில் அரசு உடைமை என்று காட்டும் அகன்ற அம்புக்குறி, பாதி களிம்புக்குள். பாலிஷ் போட்டிருந்தால் இதுதான் முதலில் மங்கியிருக்கும்.

16 பிப்ரவரி, வெள்ளி

அறிக்கையில் ‘நல்ல நிலை’ என்று எழுதுவதில்லை. வாங்குபவருக்கு அதனால் என்ன தெரியும்? எழுதியது இது: “சுத்தம் செய்யப்படாதது. முனை மூலமுனை. முனையருகே செயல்படும் துருவும் குழிகளும். பிடியில் நிக்கல் பாதிக்குமேல் இல்லை. உறையில் இரண்டு காதுகள் அறுபட்டவை, எலாஸ்டிக் சிதைந்தது.”

தேய்க்கவில்லை என்றதும் பேத்தியின் முகம் கொஞ்சம் சுருங்கியது. தேய்த்த கத்தி என்றால் சேகரிப்பவர்கள் விலை குறைத்துத்தான் கேட்பார்கள் என்றதும், சரி என்றார். தாத்தா கமாண்டோவில் இருந்ததையும் அறிக்கையில் சேர்க்கச் சொன்னார். வாய்ச்சொல்லைச் சேர்க்க முடியாது. படைச் சம்பளப் புத்தகமோ சீருடைப் படமோ கிடைத்தால் சேர்க்கலாம். பரணில் இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று போயிருக்கிறார்.