ஐயா காட்டிய அதியமான்

உயர்தர வகுப்பில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ஐயாவைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழு கேட்டபோது, புறநானூற்று 235ஆம் பாட்டைப் பற்றித்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பாட்டை விட்டுவிட்டு அவரை நினைக்க எனக்குத் தெரியாது.

அதியமான் நெடுமான் அஞ்சி போரில் பட்டபின் ஔவையார் பாடிய கையறுநிலை, அதாவது இறந்தவரை நினைத்து இரங்கும் பாட்டு அது. ஐயா பாட்டை ஆறுதலாக வாசித்து முடித்து எங்களைப் பார்த்தார். “தம்பியவை, அதியமான் கறுப்போ வெள்ளையோ, நெட்டையோ கட்டையோ? ஔவை எங்கையாவது சொல்லியிருக்கிறாவோ?” தேடிப் பார்த்தோம். ஓரிடத்திலும் இல்லை. ஆனால் ஆள் கண்முன்னே நிற்கிறான். அது எப்படி என்பதுதான் பாடம்.

கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான் என்று தொடங்குகிறார் ஔவை. நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து உண்பான். எலும்பும் தசையும் உள்ள இடமெல்லாம் எங்களுக்கு. அம்பும் வேலும் நுழையும் இடமெல்லாம் தான். இப்படி எல்லாம் இரண்டிரண்டாகவே வருகின்றன. சிறிது, பெரிது, எமக்கு, தான். வள்ளல், வீரன் என்று ஔவை சொல்லவே இல்லை. அடிகளை அடுக்கிய விதத்திலேயே அவன் குணம் வந்துவிடுகிறது. ஒவ்வொன்றின் முடிவிலும் ‘மன்னே’ என்று விழும்: அதெல்லாம் போய்விட்டதே என்று. அந்த இடங்களில் ஐயா குரலை உயர்த்த மாட்டார். மேசையில் விரலால் மெல்லத் தட்டுவார்.

அப்புறம்தான், ‘நரந்தம் நாறும் தன்கையால் புலவு நாறும் என்தலை தைவரும் மன்னே’ என்ற அடிகள் வரும். அதுவரை ‘எமக்கு’, ‘யாம்’ என்று கூட்டத்தோடு நின்ற ஔவை, இங்கே ‘என் தலை’ என்று தனித்து வருகிறார். மணக்கும் கை ஒன்று, புலால் நாறும் தலையைத் தடவுகிறது. அரசனுக்கும் பாடுபவருக்கும் இடையில் இருந்த அன்பு முழுக்க அந்தக் கையில் இருக்கிறது.

அடுத்த வாக்கியத்தை ஐயா பலகையில் எழுதி, ஒவ்வொரு சொல்லாகக் கோடிட்டுக்கொண்டு போனார். பாணரின் அகன்ற உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர் கைகளுக்குள்ளும் போய், அவன் காத்த சுற்றத்தாரின் கண்பாவை ஒளி மழுங்க, புலவர் நாவிலே சென்று விழுந்தது. எது? கடைசிச் சொல் வரைக்கும் ஔவை சொல்வதில்லை. ‘அவன் அருநிறத்து இயங்கிய வேல்.’ எழுவாய் கடைசியில் நிற்பதால், இத்தனை பேரையும் துளைத்த பிறகுதான் வேல் அவன் மார்பில் பாய்ந்தது நமக்குத் தெரிகிறது. ஒருவனை நம்பி எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்பதை இப்படிக் காட்டிய இன்னொரு வாக்கியத்தை நான் தமிழில் கண்டதில்லை.

இதே ஐயாவிடம்தான் ஊரில் கல்வெட்டு, அதாவது இறந்தவர் நினைவாக அச்சிடும் பாட்டுகள், பாடித் தரும்படி கேட்டும் வருவார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வாசிக்கும் கல்வெட்டுக்கு ஒரு வாய்பாடு உண்டு: காப்பு, இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். ஐயா வாய்பாட்டை விடவில்லை. ஆனால் எழுதமுன் வீட்டுக்காரரிடம், “விடிய எழும்பினால் முதல் என்ன செய்யிறவர்? ஆருக்கு என்ன குடுக்கிறவர்?” என்று விசாரிப்பார். தோட்டக்காரர் ஒருவரின் மகள் புலம்பலில், அவர் துலா மிதித்து இறைத்த தண்ணீரைப் பக்கத்துக் காணிக் கன்றுகளுக்கும் பாய விட்டதை ஓர் அடியில் வைத்தார். அந்த அடி வந்ததும் வாசித்தவரால் மேலே வாசிக்க முடியவில்லை. ஔவையிடம் படித்ததை ஐயா எங்கள் ஊர் மனிதர்களுக்குச் செய்தார் என்பது எனக்கு அன்று விளங்கியது.

இங்கே ரொறன்ரோவில் நினைவு மலர்கள் வண்ணத்தாளில் வருகின்றன. படம் பெரிதாக இருக்கும், பாட்டு பழைய வாய்பாட்டில் இருக்கும். திதி வெண்பா திவசத்துக்கு நாள் பார்க்க உதவும், அது இருக்கட்டும். அதோடு அந்த ஆளுக்கு மட்டுமே பொருந்துகிற ஓர் அடியாவது இருக்க வேண்டும் என்று, பாட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சொல்லி வருகிறேன்.

ஐயா பாடிய கல்வெட்டுகள் உங்கள் வீடுகளில் பழைய பெட்டிகளுக்குள் கிடக்கக்கூடும். ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறார்கள். கிடைத்தால் தெளிவாகப் படம் எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள். ஓரம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.